நாற்பது வேம்பும் ஒரு கேட் பாஸும்

என் கல்யாணம் நாற்பது வேப்பமரங்களை நம்பி நின்ற காலம் ஒன்று உண்டு. ஜாதகம் பார்த்தாயிற்று, இரண்டு வீட்டுக்கும் சம்மதம், பெண்ணுக்கும் சம்மதம் என்றுதான் சொன்னார்கள். மரங்கள் மட்டும்தான் பாக்கி. இதைச் சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அவர்கள் அம்மாவைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிக்கு வெளியே பொட்டல் வெளியில் ஒவ்வொன்றாகத் தகரக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று ஆணியும் கம்பியும் செய்கிற கம்பெனி. அங்கே எனக்கு ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேலை கிடைத்தது. டெம்பரரிதான். எங்கள் குடும்பம் திருவள்ளூரில் பெருமாள் கோயில் சேவையில் இருந்த குடும்பம். விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'நந்தவனக் கைங்கர்யம்' என்று பெருமையாக எழுதிவைத்தேன். அதுதான் வினை. மானேஜர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப உங்களுக்குத் தோட்ட வேலை ரத்தத்துலயே இருக்குன்னு சொல்லுங்க."

என் ரத்தத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் துளசிப் பாத்தியை மிதித்துத் துவம்சம் செய்ததிலிருந்து அப்பா என்னை நந்தவனத்துக்குள் விடுவதையே நிறுத்தியிருந்தார். ஆனால் வேலை கேட்டுப் போன இடத்தில் வாயைத் திறந்து இல்லை என்று எவன் சொல்வான்? தலையை ஆட்டினேன். அன்று முதல் காலையில் ஸ்டோர்ஸ், மாலையில் தோட்டம் என்றாயிற்று.

மானேஜர் பெங்களூரில் படித்தவர். கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் நிற்க வேண்டும், முதலாளியின் கார் நிழலிலேயே உள்ளே வந்து நிழலிலேயே நிற்க வேண்டும் என்பது அவருடைய கனவு. எனக்கு முன்பே ஆளை வைத்து குல்மொஹர் நட்டிருந்தார். கப்பிக்கல் கலந்த அந்தச் சிவப்பு மண்ணில் அவை பாதி செத்துப் பாதி பிழைத்தன. பிழைத்தவையும் மாசி மாதம் இலையைக் கொட்டிவிட்டு நின்றன. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து, எதற்கு இப்படிக் குச்சிகளை நட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாராம். மானேஜருக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்துவிட்டது.

"எப்பவும் இலையோட நிக்கிற மரமா ஒண்ணு சொல்லுங்க" என்றார் என்னிடம்.

"வேம்பு வைக்கலாம் சார். நம்ம மண்ணு மரம். பழைய இலை உதிர்றதுக்குள்ள புதுத் தளிர் வந்துடும். மொட்டையா நிக்கவே நிக்காது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். மானேஜர் அதை ஒரு சத்தியமாகவே எடுத்துக்கொண்டார்.

அப்போது ஆடி மாதம். ஊரெங்கும் வேப்பம்பழம் கொட்டிக் கிடந்தது. ஒரு கூடை பொறுக்கிவரச் செய்தேன். ஆனால் மானேஜர் போட்ட வரைபடத்துக்கு மேலிடத்து ஒப்புதல் வரவில்லை, குழி வெட்டக் கூடாது என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டோர்ஸ் வேலை. வந்த சரக்கைப் பத்திரமாக வைப்பதுதான் ஸ்டோர்ஸ்காரன் தர்மம். கொட்டைகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, மூடி இறுக்கி, சீட்டு ஒட்டி, ஆணி வரிசைக்கு மேல்தட்டில் வைத்தேன். தை மாதம் ஒப்புதல் வந்தது. டப்பாவைத் திறந்து, நல்ல நாள் பார்த்து, பாத்தி கட்டி விதைத்தேன். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். ஒரு கொட்டைகூட முளைக்கவில்லை.

கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். ஒரு வாரமாக என்னையும் பாத்தியையும் பார்த்துக்கொண்டே போனவள் கடைசியில் நின்று கேட்டாள்.

"இன்னா சார் இது, வேப்பங்கொட்ட இன்னா ஊறுகாயா, ஆறு மாசம் போட்டு வெக்கறதுக்கு? வேப்பம்பயம் வுயுந்த கையோட ஊனணும் சார். பத்து இருவது நாள் போனா அது செத்த கொட்ட."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த ஆடியில் அவளே மடி நிறையப் பழுத்த பழமாகக் கொண்டுவந்தாள். சதையைக் கசக்கிக் கழுவி அன்றைக்கே ஊன்றினோம். பதினைந்தாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்பாவுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

ஐப்பசி மழையில் நாற்பது கன்றுகளை நட்டோம், பக்கத்துக்கு இருபது. மானேஜர் நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு கன்று ஒரு சாண் விலகியிருந்தது என்று அதைப் பிடுங்கி மறுபடி நடச் சொன்னார். ஆடு கடிக்காமலிருக்க வீணாய்ப் போன கம்பிச் சுருள்களை வளைத்து ஒவ்வொன்றுக்கும் கூண்டு செய்தேன். வேருக்குப் பக்கத்தில் அடியில் ஓட்டை போட்ட பானையைப் புதைத்து, கேன்டீனில் அரிசி கழுவிய தண்ணீரை அதில் ஊற்றச் சொன்னேன். கழனித் தண்ணீர் குடித்த மரங்கள் என்றாலும் ராஜாவாக வளர்ந்தன. மூன்றாவது வருஷ ஆடியில் ஆளுக்கு மேல் ஆள் நின்ற உயரம். கீழ்க் கிளைகளைக் கழித்து, குடை மாதிரி வெட்டிவிட்டேன். மானேஜரே கைத்தடியை உயர்த்தி அளந்து பார்த்துத் திருப்தி அடைந்தார். ரயில் நிலையத்திலிருந்து வரும்போது கம்பெனி தெரியாது. பச்சைதான் தெரியும்.

இதற்குள் எனக்கு நாலு வருஷம் ஓடிவிட்டது, இன்னும் டெம்பரரி. திருவள்ளூரிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து முடிவு செய்தார்கள். அவளுடைய அப்பா கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தா. எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புகிறவர். "பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும், மறுநாள் முகூர்த்தம் குறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மானேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: திங்கட்கிழமை முதலாளி வருகிறார், பாங்கு அதிகாரிகளோடு. புதுக் கொட்டகைக்குக் கடன் கேட்கிறார்கள். முதலாளி வடக்கத்திக்காரர், சௌகார்பேட்டையில் குடியேறியவர், அவருக்கு ஆடியாவது ஆவணியாவது.

"உங்க கன்ஃபர்மேஷன் ஆர்டர டைப் அடிச்சு ஃபைல்ல வெச்சிருக்கேன். கார் அந்த நிழல்ல வந்து நின்னதும் கையெழுத்து வாங்கிடறேன். மரத்த மட்டும் பாத்துக்குங்க."

அது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மதியம் நான் ஊருக்குப் புறப்படுகிற அவசரத்தில் இருந்தேன். கேன்டீன் அக்கா வந்து நின்றாள்.

"சார், நாளிக்கு பெரியபாளயம் போறோம். எம் புள்ளைக்கு அம்ம போட்டப்ப வேப்பஞ்சேல கட்டறேன்னு ஆத்தாவுக்கு வேண்டிகினேன். நம்ம மரத்துல கொஞ்சம் எல வோணும் சார். எங்க ஊர்ப் பக்கம் மரத்தையெல்லாம் ஏற்கெனவே மொட்ட அட்ச்சிட்டாங்க."

புத்தி உள்ளவன் அந்தக் கடைசி வார்த்தையிலேயே விழித்துக்கொண்டிருப்பான். எனக்கு ரயில் ஞாபகம்.

"எவ்வளவும்மா வேணும்?"

"அதுக்கு இன்னா சார் அளவு? ஒடம்ப மூடணும், அவ்ளோதான்."

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் பெரியபாளையம் வழியாகத்தான் பஸ் போகும். மற்ற பதினோரு மாதமும் நான் அதில் போகிறவன்தான். ஆடி மாதம் மட்டும் அங்கே அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, கூட்டமென்றால் எனக்கு ஆகாது என்று சென்ட்ரல் வரைக்கும் ரயிலில் போய், வேறு ரயில் ஏறிச் சுற்றி வருவேன். அதனால் அத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் வேப்பஞ்சேலை கட்டிய ஒருவரைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. புடவையின் இடுப்பில் நாலு கொத்து செருகிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். கழுத்திலிருந்து முழங்கால் வரை துணி தெரியாமல் கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கட்டிச் சுற்றிக்கொண்டு கோயிலை வலம் வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பெனிக்குள்ளிருந்து ஒரு துரும்பு வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். எழுதினேன். விவரம்: வேப்பிலை. காரணம்: நேர்த்திக்கடன். எடுத்துச் செல்பவர்: கேன்டீன் ஊழியர் மற்றும் உறவினர். அளவு என்ற இடத்தில் பேனா நின்றது. இலையை எண்ணி எழுதுவதா, எடை எழுதுவதா? நேரமாகிவிட்டது. 'தேவையான அளவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்படி எழுதிக்கொண்டு வந்த ஃபோர்மேன்களை நான் எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

திங்கட்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். தூரத்தில் ஆபீஸ் கட்டடத்தின் மஞ்சள் சுவர் தெரிந்தது. அங்கிருந்து அந்தச் சுவர் தெரியக் கூடாது.

கிட்டே போனேன். நாற்பது மரமும் கம்பிக் கூண்டுக்குள் கைதி மாதிரி நின்றன. கைக்கு எட்டிய வரைக்கும் ஒரு இலை இல்லை, சின்னக் கிளைகளும் இல்லை. உச்சியில் எட்டாத இடத்தில் மட்டும் ஆளுக்கு ஒரு கொத்து, மொட்டையடித்துக் குடுமி விட்டது போல.

கேட்டில் வாட்ச்மேன் விறைப்பாக சல்யூட் அடித்தார். பட்டாளத்திலிருந்து வந்தவர். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்கு வேதம்.

"எல்லாம் ரூல்படிதான் சார்" என்று ரிஜிஸ்தரைத் திறந்து காட்டினார். "மூணு மாட்டு வண்டி, ஒரு டிராக்டர். அல்லாத்தையும் எடமேடையில ஏத்தி எட போட்டுத்தான் வுட்டேன்."

"டிராக்டரா? அந்த அம்மா ஒருத்திக்கா?"

"உறவினர்னு எழுதிகீறீங்களே சார். அந்தம்மாவுக்கு ஒறவுன்னு சொல்லிகினு வந்தாங்க. வெசாரிச்சுப் பாத்தா இங்க சுத்துப்பட்டு பூரா அவங்களுக்கு ஒறவுதான். தேவையான அளவுன்னு வேற போட்டுகீறீங்க. அவங்க தேவ எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

நியாயமான கேள்வி.

மானேஜர் ஓடிவந்தார். அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. "மொட்டையா நிக்கவே நிக்காதுன்னு சொன்னது யாருய்யா?" என்பது மட்டும் அதில் எழுதத் தகுந்தது. பந்தல்காரனைக் கூப்பிட்டு மாவிலைத் தோரணம் கட்டலாமா, கூண்டுகளுக்குக் கலர் காகிதம் சுற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கார் வந்துவிட்டது. நிழல் கிடையாது. வெயிலில் வந்து வெயிலிலேயே நின்றது.

முதலாளி இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். அவருடைய தமிழ் சௌகார்பேட்டைத் தமிழ்.

"இது இன்னா மரம்?"

"வேம்பு சார். நீம்."

"நீமுக்கு எல எங்க?"

"ப்ரூனிங் சார். வருஷா வருஷம் பண்றது" என்றார் மானேஜர், கண் இமைக்காமல்.

முதலாளி கையை உயர்த்தி ஒடிந்த கிளை ஒன்றைத் தடவினார். "ப்ரூனிங்னா கத்தில வெட்டுவான். இது கைல ஒடிச்சது. எங்க ஊர்லயும் நீம் கீது. யாரு வுட்டது உள்ள?"

பாங்கு அதிகாரிகள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மானேஜர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், ஒரு கணம் கேட்டைப் பார்த்தார். "வாட்ச்மேன் கவனக்குறைவு சார். இன்னைக்கே சீட்டக் கிழிச்சுடறேன்."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஃபைல் அவர் கக்கத்தில் இருந்தது, அதற்குள் என் ஆர்டர் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் அரை மணியில் கையெழுத்து, ஆவணியில் கல்யாணம். வாட்ச்மேனைப் பார்த்தேன். நான் எழுதிக்கொடுத்த பாஸ் அவருடைய இடது பையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் அதை எடுத்து நீட்டுவார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றார். ஏன் எடுக்கவில்லை என்று பிற்பாடு கேட்டதற்கு, "நீ கண்ணாலம் பண்ணிக்கப் போற ஆளு சார்" என்றார். அவருக்கு மூன்று குழந்தைகள்.

வெட்கம் தாங்கவில்லை எனக்கு. ஓர் அடி முன்னால் வந்தேன்.

"பாஸ் நான்தான் சார் எழுதிக் குடுத்தேன். அவர் மேல தப்பில்லை."

இப்போது பாஸ் வெளியே வந்தது. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மானேஜர் ஈனஸ்வரத்தில் மொழிபெயர்த்தார். மரம் மொட்டையானதற்குக் கோபிக்காத மனுஷன் அளவு என்ற இடத்துக்கு வந்ததும் சிவந்துபோனார்.

"நீ ஸ்டோர்ஸ் ஆளு. குவான்டிட்டி போடல. அப்ப என் ஆணியும் இப்பிடித்தான் வெளிய போவுதா?"

பிறகு எதற்காக இலை என்று கேட்டார். மானேஜர் சொன்னார். அம்மன் பேரைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. இரண்டு கையையும் குவித்து அந்தக் குடுமி மரங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். வாட்ச்மேன் இருக்கட்டும் என்றார். மானேஜர் தயங்கித் தயங்கி நீட்டிய என் ஆர்டரைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்து, "இவனுக்கு அப்பறம் பாக்கலாம்" என்றார். அன்று மாலையே தட்டச்சில் வந்தது: டெம்பரரி, மேலும் ஆறு மாதம்.

கேன்டீன் அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சில் குறைச்சல் இல்லை. "பேஜாராப் பூட்ச்சே சார். ஆனாலும் எலயத்தான புடுங்கனோம், வேரயா புடுங்கனோம்? பத்து நாள்ல தளிர் வுட்டுக்கும் பாரு." மரத்தைப் பற்றி அவள் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை. எட்டாம் நாளே செம்புநிறத்தில் துளிர் கிளம்பிவிட்டது. என் ஆறு மாதத்துக்குத்தான் துளிர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு தெரு வழியாகப் போகவில்லை. நேரே பெண் வீட்டுக்குப் போனேன். ஊர் வாயிலிருந்து தெரிவதைவிட என் வாயிலிருந்து தெரியட்டும் என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், வாக்குமூலம் கேட்கிறவர் போல.

"உம்மை யாரு ஒத்துக்கச் சொன்னா?" என்றார் முடிவில். "மானேஜரே ஒரு வழி பண்ணிக் குடுத்திருக்கார். பேசாம இருந்திருக்கலாமோல்லியோ?"

"வாட்ச்மேனுக்கு வேலை போயிருக்கும் மாமா."

"முப்பது வருஷமா கோர்ட்டுல இருக்கேன், சொல்றேன் கேளும். ஒத்துக்காதவனுக்கு வாய்தா. ஒத்துண்டவனுக்கு அன்னிக்கே தண்டனை. இந்தச் சூது கூடத் தெரியாத மனுஷனை நம்பி எப்படிப் பொண்ணைக் குடுக்கறது? ஆறு மாசம் போகட்டும். அப்பறமும் ஆர்டர் வரலேன்னா..."

நான் எழுந்துகொண்டேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதை அங்கே காட்ட இஷ்டமில்லை. செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பெண் பார்த்த அன்றும் அவள் பேசவில்லை. அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, ஒத்துண்டதுக்குத் தண்டனைதானே? அதை நான் குடுத்துக்கறேன். நீங்க ஆவணில முகூர்த்தம் பாருங்கோ."